இருபதாவது வளைவுக்குப் பிறகு

எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே ஏறினாள் பூங்கோதை.
ஏற்காட்டில் இறங்கியதும்
வயிறு அடங்குமுன் நேரே இந்தக் கடைக்கு.
பலகையில் ஆண்டுதான் பெரிதாக: 1911.
ஸ்வீடன்காரர் ஒருவர் தொடங்கியதாம்.
பேர் கேட்டேன்.
"வாய்ல நுழையாதுங்க" என்றார்
கல்லாவில் பெலிக்ஸ்,
கைபேசியிலிருந்து தலையெடுக்காமல்.

எல்லோரும் பழைய அடுப்பைப் படமெடுத்தார்கள்.
நாங்களும் எடுத்தோம்.
அவள் கண்ணை மூடிவிட்டாள்;
மறுபடி எடுப்பதற்குள்
ஓசூர்க்காரக் குடும்பம் ஒன்று
குறுக்கே நின்றுவிட்டது.

அள்ளி முடிந்த கொண்டை மாதிரி ஒரு பன்.
நூற்று நாற்பது ரூபாய்.
ஒன்று போதும் என்றாள்.
பிட்டு வாயில் வைத்தவள்
மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஏலக்காய்ங்க."

"ம்?"

"நம்ம ஏலக்காய். பாயசத்துல போடறது."

எந்தக் காலத்திலோ
ஏதோ ஒரு மலையிலிருந்து கப்பலேறிப் போனது,
பனியில் யார் வீட்டிலோ வெந்து,
மலையேறித் திரும்பியிருக்கிறது,
விலையேறி.

இதை அவளிடம் சொல்ல நினைத்தேன்.
அதற்குள் என் பாதியையும்
தின்றுகொண்டிருந்தாள்.

இறங்கும் பேருந்தில்
எலுமிச்சம்பழம் என் சட்டைப்பையில்.
வெண்ணெய் ஊறிய காகிதத்தை
மூக்கருகே பிடித்தபடி
அஸ்தம்பட்டி வரை
ஒரு வார்த்தை பேசவில்லை அவள்.