குதிரைத் தொட்டி நிதி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில் எழுதிய உயில்.
காரியமான வரி ஒன்றுதான்:
"ஆற்றுச் சாலையில் வரும் குதிரைகளின் தாகத்துக்கு."
எழுதியவள் மர ஆலை முதலாளியின் விதவை, இசபெல் ஹாடோ.
கணவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

குதிரைகள் போய்விட்டன.
பணம் போகவில்லை,
வங்கிக் கொட்டிலில் நின்று குட்டி போட்டது.
அறுபத்திரண்டில் ஒரு நீதிபதி
குதிரையை அடித்துவிட்டு
தாகத்தை மட்டும் விட்டுவைத்தார்.
அன்று முதல் பிப்ரவரிதோறும்
ரெஸ்டிகூஷ் ஆறு உறைந்து கிடக்கையில்
நூலகத்தின் நிலவறையில் ஏழு பேர் கூடித்
தாகம் என்றால் என்னவென்று
வாக்கெடுக்கிறார்கள்.

நான் குறிப்பெடுப்பவள். எனக்கு வாக்கில்லை.
காபி போடுவதும் நான்தான்.

இந்த வருடம் கையில் அறுபத்தோராயிரத்து நானூறு டாலர்.
கேட்டு வந்தவை இருபத்து மூன்று மனுக்கள்,
கூட்டினால் இரண்டு லட்சம் தாண்டும்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
நல்லவேளை, உயிலில் யானை இல்லை.

டிரெய்லர் வீடுகளின் கிணறுகளில்
ஆர்சனிக் இருக்கிறதா என்று பார்க்க:
இது நேரான தாகம், கைகள் தாமே உயர்ந்தன.
பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குத்
தீயணைப்புக் கூடத்தில் சூப்:
"சூப்பும் தண்ணீர்தானே" என்றார் பொருளாளர் ஆர்மாண்ட் டுகே.
சிரித்தார்கள், கொடுத்தார்கள்.
நாடகக் குழு மேடை விளக்கு கேட்டது.
ஆன்மாவின் தாகம் பற்றி நான்கு பக்கம்.
நான்கும் நன்றாக இருந்தன.
கொடுக்கவில்லை.

பிறகு பதினேழாம் எண்.
ஒரு பழைய வேன், சம்பளம் இல்லாத நான்கு ஓட்டுநர்கள்.
வாரம் மூன்று நாள், விடியுமுன் நாலரைக்கு,
சிறுநீரகம் கைவிட்ட ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு
எண்பது கிலோமீட்டர்,
ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்கு.
பெட்ரோல் வேண்டும். பனிக்கால டயர் வேண்டும்.

"இதில் தாகம் எங்கே இருக்கிறது?
இது போக்குவரத்து, அரசாங்கத்தின் வேலை"
என்றார் மியூரியல் பூல். தப்பாகவும் சொல்லவில்லை.

'வேறு ஏதேனும்' என்ற கட்டத்தில்
ஓட்டுநர் டெல்ஃபின் சவுவா பென்சிலில் எழுதியிருந்ததை
நான்தான் வாசித்தேன்:
"இவர்களுக்கு ஒரு நாளைக்கு நான்கு கோப்பைத் தண்ணீர்தான் அனுமதி.
திரும்பி வரும் வழியெல்லாம்
ஆளுக்கொரு ஐஸ்கட்டியைச் சப்பிக்கொண்டு வருவார்கள்.
நாங்கள் வண்டியில் காபி குடிப்பதில்லை."

மேசையில் ஏழு கோப்பைகள்.
ஒரு கையும் நீளவில்லை.
சுவரோர ரேடியேட்டர் மட்டும்
மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது.

நான்குக்கு மூன்று. கேட்டதில் பாதி.
பாதி என்றால் அக்டோபர் வரை ஓடும்.
இங்கே பனி நவம்பரில் விழும்.
இதைக் குறிப்பேட்டில் நான் எழுதவில்லை.
எழுத அதில் இடமும் இல்லை.

மறுப்புக் கடிதங்கள் பதினான்கு.
ஒரே வாசகம், பெயர் மட்டும் மாறும்:
'தங்கள் பணியைப் பெரிதும் மதிக்கிறோம், ஆயினும்.'
பதினான்காவது இவெட் கில்லிஸுக்கு.
காட்டில் மரம் இழுத்து ஓய்ந்த ஆறு குதிரைகளை
வைத்துக் காப்பாற்றுகிறாள்.
கேட்டது ஒரு தொட்டி,
குளிரிலும் உறையாத, மின்கம்பி வைத்த
தண்ணீர்த் தொட்டி.
எண்ணூற்று நாற்பது டாலர்.
வரவு செலவுக் கணக்கு இணைக்கப்படவில்லை.
விதி ஒன்பது.
விவாதத்துக்கே வரவில்லை.

கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு,
ஒட்டப் போனவள் மறுபடி வெளியே எடுத்தேன்.
ஜன்னலுக்கு எதிரே, வங்கி வாசலில்
இசபெல் வைத்த கல்தொட்டி,
விளிம்பு வரை பனி.

கடிதத்தின் பின்பக்கம் பென்சிலில் எழுதினேன்:
"கணக்கு எழுத எனக்குத் தெரியும்.
சனிக்கிழமை வரட்டுமா?
ரசீதுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்,
வைக்கோல் வாங்கியதையும் சேர்த்து."