ஜோடி தப்பியவை

பாபநாசம் கடைத்தெருவில்
இலியாஸ் பாய் ஒற்றைகளைத் தனிக்கூடையில் வைத்திருந்தார்.
ஆறில் ஐந்து உடைந்தது போக மிஞ்சியவை,
லாரி குலுக்கலில் துணையைத் தொலைத்தவை.
"செட்டா, சில்லறையா?"
சில்லறை என்றேன்.
எதை எடுத்தாலும் நாற்பது.

விளிம்புத் தங்கக்கோடு பாதி அழிந்த ரோஜாத் தட்டு.
நீல மீன் இரண்டு
ஒன்றின் வாலை ஒன்று துரத்தும் அகலக் கிண்ணம்.
பச்சைக் கட்டம். ஆரஞ்சுப் புள்ளி. திராட்சைக் கொடி.
பிறகு, அன்னாசியா ஊமத்தங்காயா என்று
வரைந்தவருக்கே ஐயம் வந்திருக்கக்கூடிய ஒன்று.

பங்குனியின் கடைசி ஞாயிறு.
குடமுருட்டியில் மணல் கிடக்கிறது.
உளுந்து பிடுங்கிய வயலில் ஆடுகள்.
சார்பதிவாளர் முன் கையெழுத்திட்டுப் பதினோரு நாள்.
என் பிள்ளை ஒன்று, அவர் பிள்ளைகள் இரண்டு,
எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து இன்னும் சாப்பிடவில்லை.

சாப்பாட்டு மேசை என்று எதுவும் இல்லை.
என் தையல் மிஷின் பலகையோடு
இளவெயினி படிக்கும் மேசையைச் சேர்த்துப் போட்டேன்.
அவளுடையது இரண்டு விரல் உயரம்.
அந்த மேட்டை மறைக்க
கலியமூர்த்தியின் புதுக் கைலி, ஊதாக் கட்டம்.
"நான் இன்னும் ஒருநாள்கூடக் கட்டலையே" என்றார்.
அதனால்தான் என்றேன்.

எதிர்வீட்டுப் பொற்கொடி வந்து
இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்:
"கட்டத்து மேல பூ, பூவுக்குப் பக்கத்துல மீனு,
கண்ணக் குத்துதுடி."
குத்தட்டும்.
உற்றுப் பார், எல்லாவற்றிலும் எங்கோ
ஒரு துளி மஞ்சள் இருக்கிறது:
ரோஜாவின் நடுவில், மீனின் கண்ணில்,
திராட்சையின் ஒரே ஒரு பழுத்த இலையில்.
அதை நம்பித்தான் பூவரசம்பூ பறித்து
சொம்பில் போட்டு நடுவில் வைத்தேன்.
அதை நம்பித்தான் எலுமிச்சைச் சாதம்.

கவின் மீனை எடுத்தான், சேந்தன் அழுதான்,
மீன் கைமாறியது.
இளவெயினி எதையும் தொடவில்லை.
அடுக்களைக்குப் போய்
எவர்சில்வர் தட்டோடு வந்தாள்.
மூலையில் வைத்தபோது சத்தம் கொஞ்சம் அதிகம்.
விளிம்பில் புள்ளி புள்ளியாய்
க. மங்கை.

கோடு இழுக்காமல் விட்ட கோலம் போல
அந்தப் பெயர் இருந்தது.
யாரும் பேசவில்லை. பொற்கொடிகூட.
நான் சொம்பை ஒரு சாண் நகர்த்தினேன்.
தட்டின் பளபளப்பில் மஞ்சள் விழுந்தது.

அதற்கப்புறம் பசி பார்த்துக்கொண்டது.
சோறு குறையக் குறையத்தான்
அடியில் இருப்பது தெரியும் இந்தத் தட்டுகளில்.
"எனக்கு ஒரு மீன் வந்துடுச்சு" என்றான் சேந்தன்.
கவினுக்குக் கட்டம் மூன்று.
கலியமூர்த்திக்கு ரோஜாவின் பாதி,
மறுபாதி மேல் ஊறுகாய்.
ஒருவாய் கூடுதலாகச் சாப்பிட்டார்கள்,
படம் முழுசாக வரட்டும் என்று.

சாயங்காலம் பூவரசம்பூ சிவந்துவிட்டது.
தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உட்காரவில்லை,
அலமாரியில் சாய்ந்து நிற்கின்றன.
கைலியில் ரசக்கறை.

தன் தட்டை மட்டும் கழுவிக்கொண்டிருந்த இளவெயினி
என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:
"அது அன்னாசியும் இல்ல, ஊமத்தங்காயும் இல்ல.
பலாப்பிஞ்சு."

எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.
பலாப்பிஞ்சுதான்.