அறுபத்தோராம் பக்கம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே
படியேறி வந்தால் என் கடை.
என்னுடையதல்ல, முதலாளியுடையது;
மெஷின் மட்டும் என் பேச்சைக் கேட்கும்.
பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை,
ஈ.பீ.எப். படிவம், போன வருடத்து வினாத்தாள்.
எழுத்தென்றால் எனக்கு அதுவரை
பக்கத்துக்குப் பத்து ரூபா.

பேராதனையிலிருந்து விதுர்ஷன் கொண்டுவந்தது
அட்டை கழன்ற ஒரு கதைப் புத்தகம்.
ஆய்வுக்காம். இரவலாம். நாலு மணிக்குள் வேண்டுமாம்.
ரா. சிலம்பாயி என்று போட்டிருந்தது,
அடுத்த லயத்தில் யாரையோ கூப்பிடுவதுபோல்.

மூடியைத் தூக்கி, தாளைப் புரட்டி, கவிழ்த்து அமுக்கும்
இரண்டு நொடிக்குள் கண்ணில் பட்டது:
"கூடையை இறக்கிவிட்டாள்.
முதுகுக்கு அதை யாரும் சொல்லவில்லை."

வெளிச்சம் ஓடி முடிந்தது.
என் கை அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.

அரைப்பேர், கவ்வாத்து, பீலிக்கரை,
படங்குச் சாக்கில் ஊறிக் கனத்த மழை.
எங்கள் வாயோடு நின்றுவிட்ட சொற்கள்
அச்சில் உட்கார்ந்திருந்தன
கால்மேல் கால் போட்டு,
ஓர் அடிக்குறிப்பும் கேட்காமல்.

முதலாளி சாப்பிடப் போன நேரம்
எனக்கும் ஒன்று எடுத்தேன், ஐம்பத்தாறு தாள்.
காசை மூன்று தவணையில் பெட்டியில் போட்டேன்.
திருட்டென்றால், கால்வாசித் திருட்டு.

டிக்கோயாவில் இறங்க வேண்டியவள்
நோர்வூட்டில் விழித்துக்கொண்டேன்.
திரும்பி வர வேறு பஸ்.
அதிலும் வாசித்து, ஹட்டனுக்கே வந்து சேர்ந்தேன்.
அவள் கதையை முடிப்பதில்லை.
அடுப்பில் ஏதோ தீய்வதுபோல
சட்டென்று எழுந்து போய்விடுவாள்.
நான் கொஞ்ச நேரம் அங்கேயே இருப்பேன்,
ஆறிய தேத்தண்ணியோடு.

புத்தகக் கடையில் கேட்டேன், வேறேதும் எழுதியிருக்கிறாளா என்று.
"சிலம்பாயியா? எத்தனையாம் வகுப்புக்கு?"

அறுபத்தோராம் பக்கத்தில் மட்டும்
அவசரத்தில் என் கட்டைவிரலும் பதிந்திருந்தது,
கறுப்பாய், ரேகையோடு, ஒரு வரியை மறைத்து.
"தந்தியை மடித்து இடுப்பில் செருகினாள். வெளியே"
அதற்குப் பிறகு விரல்.

வெளியே என்ன?
கெட்டுப்போன தாள்களின் பின்புறத்தில்
ஆறு மாதம் எழுதிப் பார்த்தேன்.
வெளியே மலை மண்டியிட்டிருந்தது.
வெளியே ஒரு நாய் தன் நிழலைத் தேடிற்று.
வெளியே பனி, கடன்காரனைப் போல் வாசலில் நின்றது.
பதினேழு விதம்.
பனி எழுதிய அன்று
சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆய்வேட்டை பைண்டிங் பண்ண விதுர்ஷன் வந்தான்.
புத்தகம் பையில் இருந்தது.
ஒரு பக்கம் மட்டும் பார்க்கத் தா என்றேன்.

"வெளியே மழை விடல."

அவ்வளவுதான்.
சிரித்துவிட்டேன். அவன் பயந்துபோய்
பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
தந்தி வந்த நாளில்
பனி யாரைப் போல நின்றால் யாருக்கென்ன?
மழை விடல. ஆமாம்,
அன்றைக்கெல்லாம் அது விடாது.

மெஷின் சூடாகத்தான் இருந்தது.
அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்திருக்கலாம்.
எடுக்கவில்லை.
என் விரல் அங்கேயே கிடக்கட்டும்
அவள் வாக்கியத்தின் மேல்,
நாடி பார்ப்பதுபோல.