நான்கு கதவு

தோ பாயோ தாண்டி, விரைவுச்சாலை ஓரம்,
இரவு இரண்டு மணி, கொட்டும் மழை.
புகை கக்கி நின்ற காரிலிருந்து
ஐந்து பேர் இறங்கினார்கள்.
என் இழுவை வண்டியில், என்னைத் தவிர்த்து,
ஓர் ஆள் உட்காரலாம்.
அவர் மனைவியைப் பார்த்தார்,
மனைவி மாமியாரைப் பார்த்தார்,
மாமியார் ஏறினார்,
ஈரச் செருப்பைக் கையில் பிடித்தபடி.
மற்ற நால்வரும் தடுப்புக் கம்பிக்கு அப்பால்,
வருமென்று சொல்லப்பட்ட டாக்சிக்காக.
பக்கக் கண்ணாடியில் ஒரு மஞ்சள் குடை
சிறுத்துச் சிறுத்துப் புள்ளியானது.
அந்தப் புள்ளி அப்புறம் போகவில்லை.
துடைத்தும் பார்த்தேன்.

அதனால்தான் அறுத்தேன்.

சுங்கை காடுட்டில் மஸ்லானின் கொட்டகை.
ஞாயிறுகள் மட்டும், பதினோரு மாதம்.
சேசிஸ் என்னுடையது,
ஐந்தாண்டு நீட்டிப்புக்குக் கடன் வாங்கிய ஹினோ.
இரட்டைக் கேபின் வந்தது
நகர மன்றத்துக்குப் புல் வெட்டியவர்களைச் சுமந்த
இசுசு லோரியிலிருந்து.
கதவு ரப்பர் இடுக்கில் இன்னும் புல்விதை;
ஒன்று முளைத்தும் இருந்தது.

பத்துப் பொருத்தம் பார்த்தால்
மூன்றுகூடத் தேறாத சம்பந்தம்.
ஓட்டைக்கு ஓட்டை இருபத்திரண்டு மில்லிமீட்டர் விலகல்.
ஹினோவின் பச்சை வயர் ஹாரனுக்கு,
இசுசுவின் பச்சை வயர் வைப்பருக்கு.
ஹாரன் அடித்தால் கண்ணாடி துடைத்தது.
மஸ்லான் சிரித்துச் சிரித்துத்
தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மொனிருல் சிரிக்கவில்லை.
வெல்டிங் முகமூடியைத் தூக்கி
சாக்பீசால் இரும்பில் எழுதினான்:
கேபின் இரண்டடி நீளம்.
தூக்குக்கை இரண்டடி பின்னால்.
அடியில் ஒரு கேள்விக்குறி.
சோதனைக்கு ஒரு வேனைத் தூக்கியபோது புரிந்தது.
முன்சக்கரங்கள் தரையை மறந்தன.
ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன்,
காற்றைத் திருப்புகிறேன்.

பிறகு இடிபட்ட ஓர் அடுக்குமாடியின்
லிஃப்ட் எதிரெடைக் கட்டிகள்,
முன் பம்பருக்குப் பின்னால், ஒன்பது.
இத்தனை வருடம் யார் யாரையோ
பதினெட்டாம் மாடிக்கு ஏற்ற
இருட்டில் கீழே இறங்கிக்கொண்டிருந்த இரும்பு.
இப்போது என் மூக்கைத் தரையில் அழுத்துகிறது.

வின்ச், மூடிவிட்ட கேலோங் ஒன்றிலிருந்து.
மழைநாளில் அது உப்பு வியர்க்கும்.

"பின்னால உட்கார்றவங்ககிட்ட காசு வாங்குவீங்களா?"
கணக்கு நோட்டோடு கேட்டாள் நளாயினி.
இல்லை என்றேன்.
இருபத்தோராயிரத்து நானூறு வெள்ளிக்கு அடியில்
கோடு போட்டாள், இரண்டு முறை.
கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்:
"சீட்டுக்குத் துணி வேணாம், ரெக்சின் போடுங்க.
நனைஞ்சுதானே வருவாங்க."

சின் மிங்கில் முதல் பரிசோதனை:
பின் இடது பெல்ட்டின் பிடிமானம் போதாது.
இரண்டாவது: பிரேக் விளக்கு, ஒன்று மட்டும்
பகலில் தூங்குகிறது.
மூன்றாவது முறை அந்த அதிகாரி
பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து
முழங்காலுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தார்.
பரிசோதனைப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாது.
தாளில் வந்தது: இருக்கைகள் ஐந்து.

முதல் அழைப்பு, புதன் இரவு, ஜூரோங்.
மழை இல்லை. குடும்பமும் இல்லை.
ஒரே ஓர் ஆள்.
வெள்ளி நிறக் கார், கியர் போய்விட்டது.
நாளை மதியத்தோடு உரிமைச் சான்றிதழ் முடிகிறதாம்;
உடைக்கும் கிடங்குக்குத் தானே ஓட்டிப் போக நினைத்தாராம்.
ஒருநாள் முந்திக்கொண்டது.

முன்கதவைத் திறந்து வைத்தேன்.
அவர் பின்னால் ஏறினார்.
நான்கு பேர் இடத்தில் நடுவே உட்கார்ந்து,
உடம்பைத் திருப்பி,
பின்கண்ணாடி வழியே
தூக்கி நிறுத்திய தன் காரின் முகத்தைப் பார்த்தபடி.
அந்தக் கண்ணாடியைப் பெரிதாக அறுத்தது
காற்றுக்காக. வேறு காரணம் இல்லை.

கிளமெண்டி வரை பேச்சில்லை.
கிடங்குச் சந்தில் திரும்பும்போது சொன்னார்:
"மேடு இருக்கு. மெதுவா ஏத்துங்க, தம்பி.
அடி தட்டும்."

மெதுவாகவே ஏற்றினேன்.