கதவுக் கைப்பிடி

பத்தொன்பது வருடம்
ஹோபார்ட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவு.
என் நோயாளிகள் யாரும் என்னோடு பேசியதில்லை.
வாயில் குழாய்.
நான் எந்திரங்களைக் கேட்டேன்,
அவை சுற்றி வளைக்காமல் எண்ணாகப் பதில் சொல்லின.

இங்கே, ஹுவான் பள்ளத்தாக்கில்,
இரண்டு மருத்துவர்,
மீனில்லாத ஒரு மீன்தொட்டி,
வரவேற்பில் க்வெண்டா.
முதல் நாள் முதல் ஆள்
தன் சொந்தப் பூட்ஸோடு நடந்து வந்தார்.
சேறு. வெளியே கட்டிய நாயின் குரைப்பு.
நின்றபடியே இருக்கும் மனிதரை எங்கே தொடுவது என்று
எனக்குத் தெரியவில்லை.
காது அடைப்பு என்றார்.

பயிற்சி தருபவள் கெஸியா.
என்னைவிடப் பதினேழு வயது இளையவள்.
அவள் கையெழுத்துக்காக என் கையேட்டில்
நாற்பத்திரண்டு கட்டங்கள் காத்திருக்கின்றன.
"இன்ஹேலரை எப்படி இழுப்பது, காட்டுங்கள்."
காட்டினேன்.
"தப்பு. நாக்கில்தான் படுகிறது."
அடுத்தவர் மூச்சையே அளந்து ஊற்றிய கை இது,
ஒரு நீலக் குப்பியிடம் தோற்றது.

தடுப்பூசிக் குளிர்பெட்டி இரண்டு பாகைக்கும்
எட்டுக்கும் நடுவே நிற்க வேண்டும்.
காலை ஒரு முறை எழுது, மாலை ஒரு முறை.
யாரோ உள்ளே வைத்த தயிர்க் கோப்பைக்காக
கெஸியா போட்ட கூச்சலில்
காத்திருந்த குழந்தை அழுகையை நிறுத்தியது.

கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு
வார இறுதி வகுப்பு. ஆறு பேர், ஒரு சிலிகான் இடுப்பு.
மிகவும் ஒத்துழைத்தது.
திங்களன்று வந்த பெண்
கூரையைப் பார்த்துக்கொண்டு
மகனின் கால்பந்துக் குழுவைப் பற்றி
விடாமல் பேசினாள், குரல் மட்டும் இறுகி இறுகி.
சிலிகானுக்கு மகன் இல்லை.

பிறகு ஆல்பி த்ரெல்கெல்ட்.
ஆப்பிள் தோட்டம், எழுபத்தாறு வயது,
இடது கணுக்காலுக்கு மேல் ஆறாத புண்.
என் பழைய வார்டில் எவர் கதைக்கும்
முடிவு எனக்குத் தெரியாது.
மாடிக்குப் போனார்கள், அல்லது கீழே.
ஆல்பியோ வியாழன் தோறும் வந்தார்,
அதே புண்ணோடு, அதே நகைச்சுவையோடு.
அளந்தேன், கழுவினேன், நாலடுக்காய்ச் சுற்றினேன்.
அரை செண்டிமீட்டர் சுருங்கிய வாரம்
இருவருமாக டேப்பை இரண்டு முறை பார்த்தோம்.

ஆறாவது வியாழன்.
கட்டு முடிந்தது. பதினைந்து நிமிடமும் முடிந்தது.
கோட்டை மாட்டிக்கொண்டு
கைப்பிடியைப் பிடித்தவர் திரும்பவில்லை.
"சின்ன விஷயம்தான்.
இப்போதெல்லாம் ட்ராக்டர் கொட்டகையில் தூங்குகிறேன்.
வீட்டில் ஒரே சத்தம்."
"யார் இருக்கிறார்கள் வீட்டில்?"
"யாருமில்லை."

என் கண் தானாகச் சுவரில்
திரையைத் தேடியது.
சிவப்பு விளக்கு எதுவும் எரியவில்லை,
எதுவும் அலறவில்லை.
கெஸியா முதல் வாரமே சொன்னாள்,
கதவருகே சொல்வதுதான் வந்த காரணம் என்று.
நான் அதைப் பேச்சுக்குச் சொன்னது என்று நினைத்தேன்.
கையேட்டைப் புரட்டிப் பாருங்கள்:
காது உண்டு, கால் உண்டு,
இதற்குக் கட்டம் இல்லை.

நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டேன்.
அவர் கோட்டோடு உட்கார்ந்தார்.
வெளியே நாலு மாதக் குழந்தையும்
அதன் தாயும்
வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க,
க்வெண்டா இரு முறை கதவைத் தட்டினாள்.
நான் அதிகம் கேட்கவில்லை.
எந்த அறையில் சத்தம் அதிகம் என்று கேட்டேன்.
சமையலறை என்றார்.
வெகு நேரம் கழித்து, அவள் பெயரையும் சொன்னார்.
இரண்டு மணிக்கு மருத்துவரிடம் அழைத்துப் போனேன்,
கூடவே நடந்து, அந்தப் பன்னிரண்டு அடி.

அன்று நாற்பது நிமிடம் தாமதம்.
மாலையில் கெஸியா கையேட்டைப் பார்த்தாள்.
புண் பராமரிப்பு: கையெழுத்து.
நேர மேலாண்மை: கட்டத்தின் மேல் பேனா நின்றது,
போடாமல் மூடினாள்.
எனக்குக் கோபம் வந்தது, கொஞ்சம்.

அவள் போன பிறகுதான்
கணினியில் அடுத்த வியாழனைப் பார்த்தேன்.
த்ரெல்கெல்ட், ஆல்பி.
முப்பது நிமிடம் என்று மாற்றியிருந்தாள்.

குளிர்பெட்டி நாலு புள்ளி ஆறு.
எழுதிவிட்டு விளக்கை அணைத்தேன்.