வழக்கம்போல்

சாஆ பட்டணத்தில்
செம்பனை லோரிகள் பெரிய சடக்கை விட்டுத் திரும்பும் முக்கில்
எண்ணெய் வாடை தொடங்கும்.
அங்கேதான் என் வேலை.
பதினோரு உணர்கருவிகள், ஒரு கொதிகலன்,
கழிவுநீருக்கு இரண்டு குளம்.

சனவரியில் இரவுக் காவலுக்கு
ஒரு ஏஐ முகவரை அமர்த்தினார்கள்.
சம்பளம் வேண்டாம், தே தாரேக் வேண்டாம்.
மூன்றாம் நாளே ஆலையை எழுப்பிவிட்டது:
கொதிகலனில் அழுத்தம் பூஜ்யமாம், நிறுத்துங்கள் என்று.
அழுத்தம் இருந்தது. கம்பிதான் கழன்றிருந்தது.
அந்தக் கம்பி கழலும் என்பது எங்களுக்குத் தெரியும்.
எங்களுக்கு என்றால்
எனக்கு, ஹஃபிசுலுக்கு,
ஓய்வு பெற்று ரவாங்குக்குப் போய்விட்ட வீரப்பெருமாளுக்கு.

மிஸ்டர் லோ கூப்பிட்டுச் சொன்னார்:
அமிர்தகௌரி, கருவிகளுக்கெல்லாம் குறிப்பு எழுது.
நமக்கில்லை, அதுக்கு.

லாக் புத்தகங்களை இறக்கினேன். இருபது வருடத் தூசி.
பக்கத்துக்குப் பக்கம் ஒரே வாசகம்,
மாச்சாம் பியாசா. வழக்கம்போல்.
வெள்ளத்தில் வழக்கம்போல்.
தீபாவளிக்கு மறுநாள் வழக்கம்போல்.
குளக்கரை உடைந்த அன்று காலை ஷிப்டிலும்
வீரப்பெருமாளின் சாய்ந்த கையெழுத்தில்
வழக்கம்போல்.

முதல் வரிக்கு இரண்டு நாள் ஆனது.
‘குள மட்டம் பார்க்கும் கருவி’ என்று எழுதினேன்.
எந்தக் குளம்? எங்கிருந்து எங்கே வரை? அடியா, மீட்டரா?
எதிரே கேட்க ஆளில்லை.
தோளைக் குலுக்கிக்காட்டவும் வழியில்லை.
அடித்துவிட்டு எழுதினேன்:

மட்டம்_2. இரண்டாம் குளத்தின் தண்ணீருக்கும்
மேலே தொங்கும் கருவிக்கும் இடையே உள்ள தூரம்.
சென்டிமீட்டரில்.
எண் குறைந்தால் தண்ணீர் ஏறுகிறது என்று பொருள்.
இது பார்க்கும், தொடாது.
இதைக் கூப்பிடுவதால் எந்த வால்வும் திறக்காது.
பூஜ்யம் என்றால் அளந்து கண்ட பூஜ்யம்.
வெறுமை என்றால் அளக்கவே இல்லை.
நேரம் கிரீன்விச் கணக்கு, எட்டு மணி கூட்டிக்கொள்.
இதை மட்டும் நம்பி அபாயம் என்று சொல்லாதே.
மழைமானியைக் கேள். முதல் குளத்தைக் கேள்.
இரண்டும் ஒத்துவரவில்லையா, ஆளைக் கூப்பிடு.

ஏழாம் கருவியில் பேனா நின்றது.
அதைக் கடைசியாகச் சரிபார்த்தது யார்?
ஹஃபிசுல் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன்.
தெரியவில்லை என்றே எழுதி வைத்தேன்.
முப்பத்தெட்டு பக்கத்தில்
எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

மார்ச்சில் ஒரு விடிகாலை, மூன்று பன்னிரண்டு.
கைப்பேசி தலையணைக்கடியில் அதிர்ந்தது.
‘மட்டம்_2 இருபது காட்டுகிறது. சற்று முன்வரை நூற்றெண்பது.
மழைமானி உலர்ந்திருக்கிறது. முதல் குளம் அசையவில்லை.
அபாயம் என்று நான் அறிவிக்கவில்லை.
யாராவது போய்ப் பார்க்க முடியுமா?’

மோட்டாரை எடுத்தேன். வழியெல்லாம் பனி,
தெருநாய்கள், மூடிய நாசி லெமாக் கடை.
குளத்தருகே டார்ச்சை அடித்தால்
கருவியின் பளபளத்த இரும்புக் கையில்
ஒரு சட்டை தொங்கிக் காய்கிறது,
ஒலி போகும் வழியை மறித்துக்கொண்டு.

ஷோஹாக் ஓடி வந்தான்.
காக், இங்கேதான் நல்லா காத்து வருது என்றான் மலாயில்.
உண்மைதான், நல்ல காற்று.
சிரித்துவிட்டேன். திட்ட நினைத்திருந்தேன்.

பட்டறைக்குப் பின்னால் அவனுக்கு ஒரு கயிறு கட்டினோம்.
குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்:
மழையில்லாமல் எண் சட்டென இறங்கினால் துணியாகவும் இருக்கலாம்.
கயிறு கட்டியாயிற்று. இருந்தாலும் கேள்.

விடிந்தது. லாக் புத்தகம் திறந்திருந்தது.
கை தானாக ‘மாச்’ வரை எழுதிவிட்டது.
அடித்தேன்.

3:12. சட்டை.
நீலம். ஈரம்.