மேற்படி

விதிமுறைத் தாள், பக்கம் நான்கு:
ஊர்ப் பெயருக்குள் புள்ளி வேண்டாம், கொக்கி வேண்டாம்.
ஊருக்கும் மாவட்டத்துக்கும் நடுவே மட்டும்
ஒரு கமா.
கார்லண்ட் பென்வெல் அதைச் சிவப்பில் அடிக்கோடிட்டிருந்தார்.

செயின்ட் ஜான்ஸ் நகரின் நிலவறையில் உட்கார்ந்து
செயின்ட் ஜான்ஸின் புள்ளியையும் கொக்கியையும்
காலையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறாள் யூடோரா டிஸ்ஸர்ட்.
கொக்கியோடு கடைசி எழுத்தும் உதிர்ந்துவிட்டால்
அது கடல் தாண்டி, நியூ பிரன்ஸ்விக்கில், வேறு ஊர்.
அப்படித்தான் போன வருடம் ஒரு மாலுமி
தவறான துறைமுகத்தில் பிறந்துவிட்டான்.
அவன் பேரன் எழுதிய கோபக் கடிதம்
இன்னும் தட்டில் கிடக்கிறது.

மை எது, ஈ எச்சம் எது என்று
லென்ஸைச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.
ஓரிடத்தில், நூற்றுமுப்பது வருடத்துக்கு முந்தைய ஈ
ஓர் ஊரையே இரண்டாக வெட்டியிருந்தது.
பென்வெல்லிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

பிற்பகல். டிரினிட்டி விரிகுடா, அடக்கப் பதிவேடு, 1889.
பாதிரியார் ஜோசையா வேர்ஹம் அவசரக்காரர்.
ஹார்ட்ஸ் டிலைட், ஹார்ட்ஸ் டிசையர், ஹார்ட்ஸ் கன்டென்ட்:
இதயத்தின் களிப்பு, இதயத்தின் ஆசை, இதயத்தின் நிறைவு.
அடுத்தடுத்த கடற்கரை ஊர்கள்.
எதிலும் கொக்கி போட்டதில்லை அவர்.
ஒரே இதயமா, பல இதயங்களா,
அவருக்குக் கவலையில்லை.
விதிக்கென்றே பிறந்த ஆள், என்று நினைத்துக்கொண்டாள்.
தேநீர் ஆறுவதற்குள் மூன்று பக்கம் ஓடியது.

பிப்ரவரி ஒன்பதில் ஒரு கொக்கி.
தூண்டில் முள் போல வளைத்து, அழுத்தி,
தாளின் மறுபக்கத்தைத் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு.
ஊர்: இதயத்தின் நிறைவு.
பெயர்: செலினா வேர்ஹம். வயது ஆறு.
தொண்டை அடைப்பான்.

யூடோராவின் விரல் நீக்கும் பொத்தானின் மேல் நின்றது.
பிறகு நீக்கியது.

பிப்ரவரி பத்து: ஏப்ரம் வேர்ஹம். வயது நான்கு.
ஊர் இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு சின்னக் கீறல்கள். மேற்படி.
நோய் இருக்க வேண்டிய இடத்திலும்.

பக்கம் ஏழு தெளிவாகச் சொல்கிறது:
மேற்படிக் குறிகளை அப்படியே விடக் கூடாது,
முழுப் பெயரையும் விரித்து எழுதுக.

துறைமுகத்தில் மூடுபனிச் சங்கு ஒருமுறை ஊதியது.
அவர் இரண்டாம் முறை எழுதாமல் விட்ட ஊரை
அவள் தட்டச்சு செய்தாள்,
கொக்கி இல்லாமல்,
ஒவ்வோர் எழுத்தாக,
பிறகு ஒரு கமா போட்டு
மாவட்டத்தை.